ஈயின் இறக்கை

எங்கள் கண் மருத்துவமனையில் மேற்படிப்புக்கு வருடத்துக்கு மூன்று இடம். விண்ணப்பம் போடுகிறவர்கள் இருநூறு பேருக்குக் குறையாது. எழுத்துத் தேர்வில் வடிகட்டி மிஞ்சுகிற பன்னிரண்டு பேரை நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். அவர்கள் டாக்டர்கள் முன்னால் போய் உட்காருவதற்குள் என் அறைக்கு வந்தாக வேண்டும். நான் டாக்டர் இல்லை. மாறுகண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறவள், பார்வையை அளக்கிறவள். ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் மனிசாலெஸ் மலைநகரத்திலேயே என்னைப் போல மரியாதைக்குரிய பெண்மணி கிடையாது. எல்லோரும் வாசலிலிருந்தே "டாக்டரம்மா" என்று குழைவார்கள். ஒருத்தன் சுடச்சுட அரெபா என்கிற சோள ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தான். அரெபாவைச் சாப்பிட்டேன். அதற்காக அவன் தாளில் ஒன்றும் கூட்டி எழுதவில்லை.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு புத்தகம். அதில் பக்கம் நிறைய ஒரு ஈ. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால், இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு அந்த ஈயின் இறக்கை தாளைவிட்டு எழும்பி நிற்கும். இறக்கையைப் பிடி என்றால் தாளுக்கு மேலே, காற்றில் பிடிப்பார்கள். இரண்டு கண்ணும் தனித்தனியாகப் பார்க்கிறவர்களுக்கு அது வெறும் படம். விரல் தாளில் போய் முட்டும். கண்ணுக்கே தெரியாத நூலும் ஊசியும் வைத்து வேலை செய்யப்போகிறவர்களுக்கு ஆழம் தெரிய வேண்டும் என்பது எங்கள் மருத்துவமனையின் சட்டம். தெரியாதென்றால் இடம் இல்லை.

அந்த வருடம் எழுத்துத் தேர்வில் முதலாவதாக வந்தவள் யமிலே பாதெர்னினா. கடற்கரைப் பக்கம், மகாங்கே என்ற ஆற்றங்கரை ஊர்க்காரி. இது அவளுக்கு மூன்றாவது முயற்சி, என் அறை வரைக்கும் வந்தது இதுதான் முதல் தடவை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பல் தந்தியடிக்க உள்ளே வந்தாள்.

"என்ன குளிரும்மா இது! உங்க ஊர்ல மனுஷங்க கெட்டுப்போகக் கூடாதுன்னு இப்படி வெச்சிருக்கீங்களா?"

"வாயை மூடினா குளிர் உள்ள போகாது. உக்காரு."

அவள் சிரித்தாள். என் ஃப்ளாஸ்க்கைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே இரண்டு கோப்பையில் காப்பி ஊற்றினாள். கடற்கரைப் பக்கத்து ஆட்களுக்குக் கூச்சம் என்ற ஒன்று கிடையாது. ஊற்றும்போது ஃப்ளாஸ்க்கின் வாயைக் கோப்பை விளிம்பில் முட்டுக் கொடுத்துத்தான் ஊற்றினாள். இரண்டாவது கோப்பைக்கும் அப்படியே. ஆழம் தெரியாதவர்கள்தான் இப்படி முட்டுக் கொடுத்து ஊற்றுவார்கள். முப்பத்தொரு வருடமாக இதே வேலை பார்க்கிறேன். யார் எப்படி ஊற்றுகிறார்கள் என்று என் கண் தானாகப் பார்த்துவிடும்.

கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு ஈயைக் காட்டினேன். "இறக்கையைப் பிடி."

பிடித்தாள். காற்றில், சரியான உயரத்தில். ஆனால் முகம் அசையவில்லை. அந்த ஈ அவ்வளவு அசிங்கமாகத் துருத்திக்கொண்டு வரும். முதலில் பார்க்கிற யாரும் ஒரு கணமாவது கையைப் பின்னுக்கு இழுப்பார்கள். இவள் இழுக்கவில்லை. நான் புத்தகத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தேன். திருப்பிவிட்டால் வித்தை செத்துவிடும், இறக்கை படுத்துவிடும், உண்மையாகப் பார்க்கிறவன் தாளைத்தான் தொடுவான்.

"இப்பப் பிடி."

அவள் மறுபடியும் காற்றைப் பிடித்தாள். அதே உயரத்தில்.

அவளுக்குப் புரிய இரண்டு நொடி ஆனது. விரலை மூடியபடியே வைத்திருந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"திருப்புவீங்கன்னு யாரும் சொல்லல."

"எவ்வளவு நாள் பழகின?"

"நாலு மாசம். கூடப் படிச்சவ ஒருத்தி, சமையல் மேசையில ஸ்கேல் வெச்சு, இங்கதான் பிடிக்கணும்னு சொல்லிக்குடுத்தா." மூக்கை உறிஞ்சினாள். "ஏழு வயசு வரைக்கும் எனக்கு மாறுகண். அப்புறம் படகுல வந்த டாக்டருங்க நேராக்கிவிட்டாங்க. கண்ணு நேராச்சு. ரெண்டும் சேர்ந்து பார்க்கத்தான் மாட்டேங்குது."

"தெரிஞ்சே வந்தியா?"

"தெரிஞ்சேதான். அம்மா, நான் பன்னிக் கண்ணுல நானூறு தையல் போட்டிருக்கேன். ஊசியோட நிழல் எங்க விழுதுன்னு பார்த்து ஆழத்தைக் கணக்குப் பண்ணிடுவேன். வேணும்னா இப்பவே போட்டுக் காட்டுறேன். எழுதாம விடக்கூடாதா?"

பேனா மேசையில் கிடந்தது, நான் எடுக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஆழம் தெரியாம இங்க இடம் வாங்கினவங்க யாராவது ஒருத்தராவது இருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்ல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப சரி. எல்லாருக்கும் ஒண்ணுன்னா சரிதான். எழுதுங்க." பேனாவை அவளே என் பக்கம் நகர்த்தினாள். நான் எழுதினேன்: முதலில் சரியாகப் பிடித்தாள், திருப்பியதும் காற்றைப் பிடித்தாள், ஆழம் தெரியவில்லை.

நான் சொன்னது பொய். ஒருத்தர் இருந்தார்.

பதினாறு வருடத்துக்கு முன்னால் இங்கே தலைமை டாக்டராக இருந்தவர் பெரிய வியேகாஸ். இன்றைக்கும் நடைபாதையில் அவர் படம் தொங்குகிறது. அவர் மகன் லிசாந்த்ரோ அன்று என் அறையில் தாளைப் போய்த் தொட்டான், புத்தகத்தைத் திருப்ப வேண்டிய அவசியமே வரவில்லை. அரை மணி கழித்துப் பெரியவர் வந்தார். கதவைச் சாத்தினார். "அவன் கை நல்ல கை, ஒதிலியா. கண்ணு போகப்போகப் பழகிடும்" என்றார். மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. நான்தான் எழுதினேன்: ஆழம் சரி. என் கையெழுத்து.

லிசாந்த்ரோ இப்போது டாக்டர் வியேகாஸ். கடினமான அறுவை சிகிச்சை வந்தால் அவருக்கு முதுகு வலி வந்துவிடும். பயிற்சி டாக்டர்கள் செய்வார்கள், இவர் கையெழுத்துப் போடுவார். சோம்பேறி என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். சோம்பல் இல்லை, பயம் என்று எனக்குத் தெரியும்.

நேர்முக அறையில் இரண்டு பேர்: இப்போதைய தலைமை டாக்டர் அம்பாரோ, பக்கத்தில் வியேகாஸ். சந்தேகம் வந்தால் கேட்பதற்காக நானும் என் புத்தகத்தோடு மூலையில் உட்காருவது வழக்கம். யமிலே திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நேராக வந்து உட்கார்ந்தாள்.

அம்பாரோ, ஏன் கண் படிப்பு என்று கேட்டாள்.

"கட்டாய கிராம சேவை ஒரு வருஷம் ஆத்தோரம் செஞ்சேன், டாக்டர். மீன் பிடிக்கிறவங்க எல்லாருக்கும் வெயில்ல கண்ணுமேல சதை வளந்து கிடக்கு. எடுத்துவிட அரைமணி நேரம் போதும். எடுக்கத்தான் ஆள் இல்ல. நான் சொட்டு மருந்து குடுத்து அனுப்பிட்டே இருந்தேன். வெறும் சொட்டு மருந்து."

அம்பாரோவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அது முகத்தில் தெரிந்தது. அப்போதுதான் வியேகாஸ் என் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"இதைப் பாருங்க. சரியாத்தான் பிடிச்சிருக்காங்க, திருப்பினதும் மாட்டிக்கிட்டாங்க. எங்க கண்ணுலயே மண்ணைத் தூவ வந்தீங்களாம்மா? ஆழம் தெரியாம ஒரு ஏழையோட கண்ணுல ஊசியை எறக்கினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன், டாக்டர். தப்புதான்."

"தப்புன்னு இப்பச் சொல்றீங்க. மூணு வருஷமா எங்க நேரத்தை வீணாக்கிட்டு…"

பேசிப்பேசித் தொண்டை வறண்டு, தண்ணீர் ஜாடியை எடுத்தார். ஜாடியின் வாயைக் கண்ணாடித் தம்ளரின் விளிம்பில் முட்டுக் கொடுத்து, அது அசையாமல் நின்றதும், மெதுவாகச் சாய்த்து ஊற்றினார்.

யமிலே அதைப் பார்த்தாள். ஜாடியைப் பார்த்தாள், அவர் கண்களை, ஒன்று மாற்றி ஒன்றாக, நோயாளியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஒருத்தரும் இல்லன்னு சொன்னீங்களேம்மா."

"யாரைப் பத்திப் பேசுறீங்க?" என்று அம்பாரோ கேட்டாள்.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். ஓய்வு பெற எனக்கு ஒன்பது மாதம்தான் பாக்கி. ஆனால் அந்தப் பெண் பேனாவை என் பக்கம் நகர்த்திய விதம் நெஞ்சில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்றது. எழுந்து போய் ஈப் பக்கத்தைத் திறந்து, கறுப்புக் கண்ணாடியை அதன்மேல் வைத்து, வியேகாஸ் முன்னால் தள்ளினேன்.

"இறக்கையைப் பிடிங்க, டாக்டர்."

"என்ன விளையாட்டு இது, ஒதிலியாம்மா?" சிரிக்கப் பார்த்தார். கை மேலே வரவில்லை. இரண்டு கையையும் மேசைக்கு அடியில் கொண்டுபோனார். அம்பாரோ அந்தக் கைகள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினாறு வருஷத்துக்கு முன்னாடி சரின்னு எழுதினது நான்தான்" என்றேன். "அவங்க அப்பா கேட்டாரு. எழுதிட்டேன்."

அம்பாரோ, மேசைமேல் கிடந்த யமிலேயின் தாளைத் தொட்டாள். "அப்ப இந்தத் தாள்?"

"அது உண்மை, டாக்டர்" என்றாள் யமிலே. "அதை மாத்தாதீங்க." எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனாள்.

பிறகு நடந்தது மருத்துவமனைக்கே தெரியும். வெள்ளிக்கிழமை ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இல்லை. வியேகாஸ் அறுவை சிகிச்சை அறைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அடுத்த வாரம் எனக்கும் வேலையை விட்டு நிற்கச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை.

ஆனால் அன்று நடைபாதையில் நடந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும். நான் அவள் பின்னாலேயே ஓடினேன். பெரிய வியேகாஸின் படத்துக்கு நேர் கீழே பிடித்தேன். மன்னிச்சுக்கோ என்றேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கடற்கரைக்காரிக்கு அவ்வளவு தணிந்த குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

"அவருக்கு எழுதினீங்க. பெரிய மனுஷன் கேட்டாரு, பயந்துட்டீங்க. அது எனக்குப் புரியுது. என்கிட்ட நீங்க எதுக்கும்மா பயந்து பொய் சொல்லணும்? நான் கேட்டது இடமா? உண்மையைத்தானே கேட்டேன்?"

இடத்தையும்தான் கேட்டாள், முதலில். ஆனால் கடைசியாகக் கேட்டது உண்மையைத்தான். கொடுக்க முடிந்ததும் அது ஒன்றுதான். அதைக்கூட நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.