பாதி வாக்கியத்தில் எழுந்திருப்பது

1

இந்தக் கதை ஒரு சிலந்தியால் பிறந்தது. நடைப்பயிற்சிக்கென்று வாங்கிய காலணிக்குள் அது வலை பின்னிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. அதே வாரத்தில் ஆறு நாள் 'நடை' என்று, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிய அட்டவணையில் ஒருத்தி கொஞ்சமும் கூசாமல் எழுதி வைத்திருந்தாள்.

அந்த ஒருத்தி மாயாஜால நாவல் எழுதுகிறவள். ஐந்து பாகம் வந்துவிட்டது, ஆறாவதும் கடைசியுமான பாகம் பாக்கி. அவள் யார் என்று உங்களைச் சுற்றவிட மாட்டேன்: நான்தான். ஆனாலும் 'அவள்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று ஆரம்பித்தால் என்னையறியாமல் எனக்கே வக்காலத்து வாங்கிவிடுகிறேன். இரண்டு தடவை எழுதிப் பார்த்து அழித்தாயிற்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இந்த வீட்டில் மணி அடிக்கும். அடித்ததும், விரல் எந்த எழுத்தில் இருந்தாலும், அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும். அதனால் சில வாக்கியங்கள் அந்தரத்தில் நிற்கும். அச்சுப்பிழை என்று பதிப்பாளரைத் திட்டாதீர்கள், பாவம்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவளுடைய கட்டைவிரல் செத்துப்போனது."

நாடகத்தனம். அடித்துவிட்டேன். நடந்தது இதுதான். கொதித்த பால் பாத்திரத்தை அவள் யோசனையில் வெறுங்கையால் இறக்கினாள். சுடவில்லை. மேடையில் வைத்து, இரண்டு டம்ளரில் ஊற்றி, பிறகுதான் பார்த்தாள்: வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் வெளுத்துக் கொப்புளித்திருந்தது. வலியே இல்லை. அந்த வலியில்லாமைதான் அவளைப் பயமுறுத்தியது. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

மருத்துவர் கண்டிப்பான அம்மாள். விரல்களை ஊசி முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உக்காந்து டைப் பண்றீங்க?"

"எட்டு... பத்து இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் கொஞ்சம் கேம் விளையாடுவேன் டாக்டர். மனசுக்கு ஓய்வா இருக்கும்."

"மனசுக்கு ஓய்வு, சரி. கைக்கு?"

மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்றார். "ஆறு வாரம் டைம் தரேன். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்கணும், கைக்கு ஓய்வு கொடுக்கணும், நேரத்துக்குத் தூங்கணும். கேக்கலேன்னா ஆபரேஷன்தான். பண்ணினாலும், போன உணர்ச்சி திரும்பும்னு நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது அவள் நினைத்தது கடைசிப் பாகத்தைப் பற்றி அல்ல. [பொய். அதைப் பற்றித்தான் நினைத்தாள்.]

3

விளையாட்டைச் சொல்லாமல் அவளைச் சொல்ல முடியாது. பன்னிரண்டு வயதில் தொலைக்காட்சிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, கையில் வீடியோ கேம் பொத்தான் கருவியோடு கற்றுக்கொண்டதுதான் அவளுடைய கதைத் தொழில். போகாத இடமெல்லாம் வரைபடத்தில் கறுப்பாக இருக்கும், போகப் போக வெளிச்சமாகும். அத்தியாயம் என்றால் என்ன என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை, அந்தக் கறுப்புதான் சொல்லிக்கொடுத்தது.

கூடவே ஒரு கெட்ட பாடமும் ஒட்டிக்கொண்டது. விளையாட்டில் உடம்பு என்பது திரையின் மூலையில் ஒரு சிவப்புக் கோடு. குறைந்தால் ஒரு குப்பி மருந்து குடித்தால் போதும், சத்திரத்தில் ஒரு ராத்திரி படுத்தால் முழுதாக நிரம்பிவிடும். அவளுடைய நாயகி கவசக்காரியும் அப்படித்தான். விலா எலும்பு முறிந்த மறுநாள் கோட்டைச் சுவர் ஏறுவாள். ஐந்து பாகத்தில் ஒரு தடவைகூட 'அப்பாடா' என்று உட்கார்ந்ததில்லை.*

* ஒரு தடவை உட்கார்ந்தாள். மூன்றாம் பாகம், சிம்மாசனத்தில். அது சேர்த்தி இல்லை.

ஆகவே நல்ல பழக்கத்தையும் அவள் விளையாட்டாக்கினாள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஐந்து புள்ளி, நடைக்கு இருபது, நேரத்தோடு தூங்கினால் முப்பது. நூறு புள்ளிக்கு ஒரு நிலை. யோசனை நல்ல யோசனைதான், பலருக்குப் பலிக்கும். ஆனால் பழுத்த ஆட்டக்காரியின் கண்ணில் முதலில் படுவது பாதை அல்ல, ஓட்டை. தண்ணீருக்கு அவள் உச்சவரம்பு போடவில்லை. ஒரே குட்டி அரக்கனை வாசலிலேயே நின்று நூறு தடவை அடித்துப் புள்ளி சேர்ப்பார்களே, அது மாதிரி நாற்காலியை விட்டு நகராமல் பாட்டில் பாட்டிலாகக் குடித்தாள். குடித்தால் குளியலறைக்கு எழுந்து போகத்தானே வேண்டும்? அதுவும் நடைதானே என்று அதற்கும் ஒரு இருபது. மூன்றே வாரத்தில் பதினாலாம் நிலை! விரலோ நடுவிரலையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு

[மணி. போய்விட்டு வருகிறேன்.]

[வந்துவிட்டேன். மூன்று மாடி இறங்கி, தெருமுனை மருந்துக்கடை வரை போய், ஏறி வந்தாயிற்று. நடுவிரலும் மரத்துப்போனது என்று சொல்ல வந்தேன். அவ்வளவுதான்.]

4

இப்போது கணவரைக் கொண்டுவர வேண்டும். பேருந்து ஓட்டுநர். முதல் வரைவில் அவர் பொறுமையின் சிகரமாக வந்தார், சிலந்தியைப் பார்த்துவிட்டு மனைவியின் தலையைத் தடவிக்கொடுத்தார். எனக்கே சந்தேகமாகப் போயிற்று. எழுதியதை அவரிடமே காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார்.

"யாரு இது? நான் அன்னிக்குக் கத்தினேன்ல, அதைக் காணோம்?"

"படிக்கிறவங்க உங்களைத் தப்பா நினைப்பாங்களேன்னு..."

"நினைக்கட்டும். கத்தினதை எழுது. பயந்துதான் கத்தினேன், அதையும் எழுது."

எழுதுகிறேன். பகல் ஷிப்ட் முடிந்து வந்தவர், அவளை நடக்கக் கூட்டிப்போகலாம் என்று காலணியை எடுத்துத் தட்டினார். சிலந்தி விழுந்து ஓடியது. அவர் அட்டவணையைப் பார்த்தார், காலணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"சிலந்தி கூடு கட்டின ஷூவைப் போட்டுக்கிட்டு எந்த ஊருக்கு நடந்தே?"

"அது... வீட்டுக்குள்ளேயே..."

"யார் காதுல பூ சுத்துற? பதினாலாம் லெவலாம்! கண்ணை மூடு. கையைக் காட்டு."

கண்ணை மூடிக் கையை நீட்டினாள். அவர் நடுவிரல் நுனியைக் கிள்ளினார். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

"என்னங்க, எப்போ கிள்ளப் போறீங்க?"

அப்போதுதான் கத்தினார். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடும் அளவுக்குக் கத்தினார்.

"என் வண்டியில டயர் வெடிச்சா ஸ்டெப்னி இருக்கு. உன் கைக்கு ஸ்டெப்னி எங்கடி இருக்கு? சொல்லு, எங்க இருக்கு?"

கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. அவள் எழுந்து போய் அட்டவணையைக் கிழித்தாள். பதினாலு நிலையும் குப்பைக்கூடைக்குப் போயின.

மணிச் சட்டம் அன்று வந்ததுதான். பழைய செல்போனில் அலாரம் வைத்து, பால்கனிக் கொடியில் துணி மாட்டுகிற கிளிப்பால் அதைத் தொங்கவிட்டார். அணைக்க வேண்டுமென்றாலே நாற்காலியை விட்டு எழுந்துதான் ஆக வேண்டும்.

"நல்லா ஓடிட்டிருக்கும்போது எப்படிங்க நிறுத்துறது? அந்த வேகம் மறுபடி வருமா?"

"நான் ஒரு நாளைக்கு நூத்தி எண்பது தடவை நிறுத்துறேன். நல்லா ஓடுதேன்னு ஸ்டாப்பை விட்டுட்டுப் போனா நிக்கிறவன் சும்மா விடுவானா? நிறுத்து, கதவைத் திற, மூடு, கிளம்பு. வண்டி போய்ச் சேராமலா இருக்கு?"

5

அவளிடம் மிச்சம் மூன்று வாரம் இருந்தது. முதல் நான்கு நாள் மணி அடிக்கும்போதெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டினாள். மாடிப்படியில் பாதி வாக்கியம் பறிபோகும், திரும்பி வந்தால் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கும். சில நேரம் பழையதைவிட நல்லதாக. சில நேரம் படுமோசமாக, அதையும் மறைப்பானேன்.

ஐந்தாம் நாள் ஆறாம் பாகத்தில் ஒரு காரியம் நடந்தது. மலை ஏறிக்கொண்டிருந்த கவசக்காரி, நான் சொல்லாமலே, ஒரு பாறையில் உட்கார்ந்தாள். இரும்புக் கையுறையைக் கழற்றி மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். ஐந்து பாகமாக இவளை நான் உட்காரவே விடவில்லையே. திரையைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா" என்று வாய்விட்டே சொன்னேன். [அவள் சொன்னாள் என்று எழுதியிருக்க வேண்டும். கிடக்கட்டும்.]

6

நாளையோடு ஆறு வாரம் முடிகிறது. மருத்துவர் கண்ணை மூடச் சொல்வார், ஊசியை எடுப்பார். இன்று காலை நடுவிரலில் ஏதோ குறுகுறுத்தது. நிஜமா, ஆசையா, தெரியவில்லை. அதனால் அந்த முடிவை உங்களுக்குத் தர என்னிடம் இல்லை.

ஆனால் கடைசிப் பாகத்தின் கடைசிக் காட்சி கைவசம் இருக்கிறது. மூன்று வாரமாக வராதது இன்று வந்துவிட்டது. அதையாவது படியுங்கள்:

கவசக்காரி வாளைத் தலைக்கு மேல் ஓங்கினாள். எதிரே அரக்கன் வாயைத் திறந்தான். இத்தனை வருஷமாக அவள் தேடிய பதில் அந்த வாய்க்குள்ளிருந்து

[மணி.]

இங்கே இரண்டு முடிவு இருக்கிறது. ஒன்று, மணி பாட்டுக்கு அடிக்கட்டும் என்று இந்த வாக்கியத்தை முடிப்பது. அவர் வண்டியில் இருக்கிறார், வீட்டில் யாரும் இல்லை, யாருக்கும் தெரியாது. பதில் என்னவென்று எனக்கு இந்த நிமிடம் தெரியும், இறங்கி ஏறினால் மறந்துவிடும். இன்னொன்று, எழுந்திருப்பது. மணி அடித்த பிறகும் எழுதிக்கொண்டிருக்கிறேன், கவனித்தீர்களா? பதினாலாம் நிலைக்காரி இன்னும் சாகவில்லை.

போதும். எனக்கு இந்தக் கை வேண்டும். பதில் போனால் போகட்டும், வேறொன்று வரும்.

அவள் கை மட்டும் வாளோடு அப்படியே நிற்கிறது. நான் வரும்வரை நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். வலித்தால் இறக்கிவிடச் சொல்லுங்கள், உலகம் ஒன்றும்