ஒல்லியின் கட்டம்போட்ட சட்டை

இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். பல் ஏற்கெனவே போய்விட்டது. அது வேறு விஷயம்.

என் தங்கை புருஷன் சொந்தமாகப் படம் எடுக்கிறவர். சொந்தமாக என்றால் முதலாளியும் கிடையாது, கேமராவும் கிடையாது. கல்யாணத்துக்கோ பல் ஆஸ்பத்திரி விளம்பரத்துக்கோ யாராவது கூப்பிட்டால் வாடகைக் கேமரா கைக்கு வரும். அதைத் திருப்பிக் கொடுப்பதற்குள் தன் படத்துக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொள்வார். லிஃப்டில் சிக்கினால் என்ன செய்வது என்று ஒரு கம்பெனிக்குப் படம் எடுத்தபோது, அதே லிஃப்டில் தன் காதல் காட்சியையும் முடித்தார். கம்பெனிக்காரர்கள் தெரியாமல் அதையும் சேர்த்தே ஊழியர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் யாரும் படியேறுவதில்லை.

கதாநாயகன் அவருடைய நண்பன். பட்டப்பெயர் ஒல்லி. கதவைத் திறக்காமலே இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடுவான்.

"படம் முடியற வரைக்கும் இந்தக் கட்டம்போட்ட சட்டையைத் தோய்க்காதே. சாயம் போச்சுன்னா காட்சிக்குக் காட்சி ஒட்டாது" என்பது மாப்பிள்ளையின் உத்தரவு.

வருஷங்கள் ஓடின. துண்டுகளை ஒட்டிப் பார்த்த எடிட்டர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். திரையில் ஒல்லி வெளியே நின்று கதவைத் திறக்கிறான். அடுத்த துண்டில் உள்ளே வந்து நாற்காலியில் உட்காருகிறான். நாற்காலி தெரியவில்லை.

"சார், அந்தக் கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவுல ஹோட்டல் ஏதாவது இருக்கா?"

"சட்டையைப் பாருய்யா. ஒரு கட்டம் மாறியிருக்கா?"

"சட்டை அதேதான். உள்ள இருக்கறவர்தான் மூணு பேர் ஆயிட்டாரு."

மாப்பிள்ளை அப்போதுதான் முதன்முறையாக ஆளைப் பார்த்தார்.

மறுபடி எடுக்க வழியில்லை. கதவு இருந்த வீட்டையே இடித்துவிட்டார்கள். மறுநாள் திரைப்பட விழா. தங்கை ஏற்கெனவே கறாராகச் சொல்லியிருந்தாள்.

"இதுதாங்க கடைசி. ஜனம் பாதியில எழுந்து போச்சுன்னா, மறுநாள்லேருந்து நீங்க நம்ம குழாய்க் கடையில உக்காரணும். அண்ணா, நீதான் சாட்சி."

"ஆகட்டும்மா" என்றேன். கூடப்பிறந்தவள் கேட்டால் மறுக்க முடியுமா?

அரங்கு நிறைந்திருந்தது. மாப்பிள்ளை பிடித்த பிடியில் என் மோதிரம் வளைந்தது. ஒல்லி கதவைத் திறந்தான், குச்சியாக. உள்ளே வந்தான், மலையாக. பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்தவர், "அடப்பாவி, ஒரு வாசப்படியில ஒரு ஆயுசையே காட்டிட்டானே" என்று கைதட்ட ஆரம்பித்தார். அரங்கே எழுந்து நின்றது. கூரை ஒரு சாண் உயர்ந்தது, இன்னும் இறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒல்லி உட்கார, அவன் சட்டையின் நடுப் பொத்தான் தெறித்தது. திரையைத் தாண்டி வந்து நடுவரின் நெற்றியைப் பதம் பார்த்தது. அவர் தடவிக்கொண்டே பரிசை அறிவித்தார்.

"சரி, கடையை நானே பாத்துக்கறேன்" என்றாள் தங்கை. "அடுத்த படத்துக்காவது அவருக்குப் பெரிய சட்டையா எடுங்க."

"வேணாம்மா, நான் இளைச்சுடறேன்" என்றான் ஒல்லி.

"இளைச்சே, கொன்னுடுவேன்" என்றார் மாப்பிள்ளை. "நீ இன்னும் வெளிய வர்ற காட்சி இருக்கு."

அந்தப் பொத்தான் என் மேஜையில்தான் இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம். எங்கள் அப்பா அம்மாவுக்கு நான் ஒருவன்தான். கூடப்பிறந்தவர்கள் யாரும் கிடையாது.