ஹோயோ எப்படி இருக்கிறாள்?

தள்ளுங்க, வழி விடுங்க என்று கத்தியபடி தலைமாட்டில் பிளாரன்ஸ் சிஸ்டர் ஸ்ட்ரெச்சரை இழுத்துக்கொண்டு ஓட, அதில் படுத்திருக்கும் ஹோதனின் பிடியில் சிக்கிய என் மணிக்கட்டோடு வேறு வழியில்லாமல் நானும் ஓடுகிறேன், பின்னால் அவள் தம்பி குலேத் செருப்பு தெறிக்க ஓடி வருகிறான், அந்த ஓட்டத்திலும் அவள் கேட்கிறாள், வலால், ஹோயோ எப்படி இருக்கிறாள், வலால் என்றால் உடன்பிறந்தவன், ஹோயோ என்றால் அம்மா, என்ன சொல்றாங்க சோமாலி சார் என்கிறாள் சிஸ்டர், நான் தென்காசிக்காரன் தாயே என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, இந்தச் சென்னை ஆஸ்பத்திரியில் என் பெயரை யாரும் கேட்டதுமில்லை, அம்மாவைக் கேக்கறாங்க சிஸ்டர், நல்லாருக்காங்கன்னு சொல்லிட்டு வாங்க சார், அதுக்குத்தானே உங்களை வச்சிருக்கு.

அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள், வேறெதற்கு, சோமாலிக் கரையில் பெர்பெரா துறைமுகத்தில் கிடங்குக் கணக்கு எழுதிய காலத்தில் இந்த மொழி என்மேல் உப்புக்காற்று மாதிரி தானாக ஒட்டிக்கொண்டது, கப்பலேறப்போகும் ஆடுகள் கத்தும் சத்தத்தினூடே கத்திப் பேசிப் பழகியவன் நான், இப்போதும் இந்த நீளமான தாழ்வாரத்தில் சக்கரங்கள் கிறீச்சிடும்போது ஆடுகள்தான் கத்துகின்றன, வெயில் கண்ணைக் குத்துகிறது, இல்லை, அது டியூப்லைட், அங்கே பொய் சொல்ல வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை, ஆடு என்றால் ஆடு, மூட்டை என்றால் மூட்டை.

அக்காவும் தம்பியும் இங்கே வைத்தியத்துக்கு வந்த மறுவாரம் கேன்டீனில் டீயை ஆறவிட்டபடி குலேத் சொன்னான், அதேர், சித்தப்பா என்று என்னைக் கூப்பிடும் பையன், தாடி இன்னும் சரியாக முளைக்கவில்லை, ஹோயோ போய்ட்டா, அக்காகிட்ட வாயத் திறந்துடாதீங்க, எங்க ஊர்ல இத ஒத்த ஆளு சொல்லக்கூடாது, பெரியவங்க நாலு பேர் வந்து உக்காந்து, டீ குடிச்சு, ஓதிட்டுத்தான் சொல்லணும், இங்க பெரியவங்களுக்கு நான் எங்க போவேன், அக்காவுக்கு ஹார்ட் வேற. மேலே போனால் டாக்டர் அமுதவல்லி, வால்வை உடனே மாத்தியாகணும், ஆனா பிபி எகிறினா உள்ளே கொண்டுபோக மாட்டேன், அதிர்ச்சி எதுவும் கூடாது, புரியுதா, ரெண்டு தடவை தேதி தள்ளியாச்சு, இனிமே தள்ளினா தாங்காது. எல்லாம் புரிகிறது, புரிந்து தொலைப்பதுதானே என் பிழைப்பு, அவன் மொழியில் ஒரு பூட்டு, இவர் மொழியில் ஒரு பூட்டு, சாவி மட்டும் என் தொண்டைக்குள்.

காலையில் ரவுண்ட்ஸ் வந்தால் டாக்டர் மூச்சு வாங்குதா என்று கேட்பார், அவள் ஹோயோ எப்படி இருக்கிறாள் என்பாள், குலேத் சுவரைப் பார்ப்பான், நான் சொல்வேன், தொழுதாளாம், சாப்பிட்டாளாம், வெறும் நலம் போதாது என்று ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியோடு தண்ணீர்த் தொட்டிக்காகச் சண்டை பிடித்தாளாம் என்று சேர்த்துவிட்டேன், ஹோதன் சிரித்தாள், பிபி இறங்கியது, டாக்டர் குட் என்றார், அதோடு என் தலையெழுத்து முடிவாகிவிட்டது, தினமும் ஒரு கிழவியைச் சமைத்துப் பரிமாற வேண்டும். முகம் பார்த்திராத அந்தக் கிழவி என் தூக்கத்தில் வந்து குச்சியை ஆட்டுகிறாள், எவண்டா நீ, என்னைப் படுக்கவிடாமல் தண்ணீர் தூக்க வைக்கிறாய், நான் சோமாலியில் மன்னிப்புக் கேட்கிறேன், மனைவி உலுக்குகிறாள், பொழுதன்னிக்கும் யார்கிட்டங்க கெஞ்சறீங்க, கிழவியா மனைவியா தெரியாமல் இருவருக்கும் தலையாட்டுகிறேன், ஆட்டிக்கொண்டே ஓடுகிறேன், ஸ்ட்ரெச்சர் திரும்புகிறது.

சொல்லு வலால், ஹோயோ எப்படி இருக்கிறாள், அவள் விரல்கள் சில்லென்றிருக்கின்றன, மானிட்டரில் எண் ஏறுகிறதா என்று ஒரு கண், குலேதின் முகத்தில் ஒரு கண், சனியன் பிடித்த வேலை, இவள் மட்டும் இப்போது கண்டுபிடித்தால் ஆபரேஷன் தியேட்டர் கதவு வரை வந்தவள் அப்படியே திரும்ப வேண்டியதுதான், நல்லா இருக்கா, உனக்காகக் கையேந்தி துஆ செய்துகிட்டிருக்கா என்கிறேன், என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. தரையில் போட்ட மஞ்சள் கோட்டருகே செக்யூரிட்டி குலேதின் நெஞ்சில் கையை வைக்கிறான், அட்டெண்டர் இங்கயே நில்லுப்பா, இன்டர்பிரெட்டர் மட்டும், கண்ணாடிக் கதவு எங்களுக்குப் பின்னால் மூடிக்கொள்கிறது, உள்ளே குளிர், பச்சைத் துணி, மயக்க டாக்டர் ஆடும் பல் ஏதாவது இருக்கா கேளுங்க என்கிறார், கேட்கிறேன், இல்லையாம் டாக்டர்.

ஹோதன் தலையைத் தூக்கிக் கதவைப் பார்க்கிறாள், குலேத் அந்தப் பக்கம்தானே, ஆமாம், நாம் பேசுவது அவனுக்குக் கேட்காதே, கேட்காது, அவள் என் மணிக்கட்டை இழுத்து என் காதைத் தன் வாயருகே கொண்டுவருகிறாள், மானிட்டர் அலுங்காமல் குலுங்காமல் ஓடுகிறது, நல்லா பொய் சொன்னே வலால், ஆனா என் அம்மா ஜென்மத்துல யாரோடயும் சண்டை போட்டதில்ல, அவ கண்ண மூடி மௌத்தான அன்னிக்கே பக்கத்து வீட்டுக்காரி போன்ல அழுதுட்டா, எனக்குத் தெரியும், எனக்காக அத மறைக்கணும்ங்கற வேலை ஒண்ணுதான் அந்தப் பையனை நிமிர்த்தி நிக்க வச்சிருக்கு, நான் கேக்கறத நிறுத்தினா அவனுக்குத் தெரிஞ்சிடும்ல.