சுகியாவின் பெயர்

விபா எழுத உட்காரும்போதெல்லாம் தாளின் ஓரத்தில் ஒரு நீலக் கைரேகை தெரியும். தொட்டால் வெறும் தாள்தான். எட்டு வருடமாக இப்படி.

அது சுகியாவின் கட்டைவிரல். பீகார் கிராமம் ஒன்றில் முசஹர் என்னும் தலித் சாதிப் பெண்களை அடிகுழாயில் தண்ணீர் பிடிக்க விடாத நிலக்காரர்கள் மீது புகார் எழுதி, "வைம்மா, நான் இருக்கேன்" என்று ரேகை வாங்கியவள் விபா. மூன்றாம் நாள் குடிசை எரிந்தது. சுகியா உள்ளே இருந்தாள்.

பாட்னா திரும்பி விபா அதைக் கதையாக எழுதினாள். வீட்டாருக்கு ஆபத்து வரக்கூடாதென்று பெயரை ராம்ரதி என்று மாற்றினாள். இந்தி படிக்கிறவர்கள் ராம்ரதிக்காக அழுதார்கள்.

ஆறாம் பதிப்புக்குத் திருத்த வந்த அச்சுப்படி மேசையில் கிடந்த காலையில் சுகியாவின் தாய் புத்னி வாசலில் நின்றாள். கையில் சத்துமாவு முடிச்சு.

விபா கதவைப் பிடித்தபடியே நின்றாள்.

"உக்காரச் சொல்ல மாட்டியா தீதி? ரயில்ல நின்னுக்கிட்டே வந்தேன்."

இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"எங்க ஊர்ல உன் கதையை வாசிச்சாங்க. எல்லாரும் அழுதாங்க. யாருக்குன்னு கேட்டா, ராம்ரதிக்காம். அது எங்க மாட்டுத்தரகன் பொண்டாட்டி பேரு. நேத்துகூட என்கிட்ட சண்டை போட்டா, குத்துக்கல்லாட்டம் இருக்கா."

விபா சிரிக்கப் பார்த்தாள்.

"உங்களை ஏதாவது செஞ்சிடுவாங்கன்னுதான். அந்த ஆளுங்க இன்னும் வெளியிலதானே இருக்காங்க."

"தெரியும். சந்தையில பாக்குறேன். புகுந்த வீட்ல அவளைச் சின்ன மருமகள்னுதான் கூப்பிட்டாங்க. பேரைச் சொன்னவ நான் ஒருத்திதான். நானும் போயிட்டா?"

"என் மேல கோபமில்லையா? விரலை வைக்கச் சொன்னது நான்."

புத்னி முடிச்சை அவிழ்த்தாள்.

"இருந்துச்சு. ஆனா விரல் வச்ச மறுநாள் அவ என்கிட்ட வந்தா, தீதி. விரலைக் கழுவவே இல்ல. நான் வச்சது பாருன்னு தெருவெல்லாம் காட்டினா. அவளா வச்சதுதான். முதல்ல சாப்பிடு."

உப்பும் வெங்காயமும் போட்டுப் பிசைந்த உருண்டையை விபா பிரசாதம் போல இரு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பிறகு பேனாவை எடுத்து, அச்சுப்படியில் ராம்ரதி வந்த இடங்களையெல்லாம் அடித்துச் சுகியா என்று எழுதினாள்.

"எங்க இருக்கா அவ?" என்றாள் புத்னி.

விபா அவள் கட்டைவிரலைப் பிடித்துப் பெயரின் மேல் வைத்தாள். மை காயவில்லை. விரலில் நீலம் ஒட்டியது. தாளின் ஓரத்திலும் பதிந்தது. விபா தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

"கழுவத் தண்ணி தரட்டுமா?"

"இருக்கட்டும்," என்றாள் புத்னி. "ஊர்ல போய்க் காட்டணும்."