நஜ்லாவை யாருக்குத் தெரியும்?

சிட்னி புறநகரான பஞ்ச்போலின் கல்யாண மண்டபத்துக்குள் நஜ்லா ஓடி வந்தபோது மாலை மணி ஐந்தே முக்கால். உடம்பில் வியர்த்து ஒட்டிய பயிற்சிச் சட்டை, காலில் கூடைப்பந்து ஷூ, கையில் ஒரு தாள். சிட்னியில் ஏழு அடித்தால் பெய்ரூட்டில் காலை பத்து. பத்துக்கு மேல் அங்குள்ள கூடைப்பந்து கிளப் ஒரு தாளும் வாங்காது.

தாளில் முக்தாரின், அதாவது லெபனானில் உள்ள சொந்த ஊரின் தலைவர் முத்திரை விழ வேண்டும். விழுந்தால் அவள் லெபனான்காரி. பெய்ரூட் கிளப் முதல் ஐவரில் இறக்கும். விழாவிட்டால் வெளிநாட்டுக்காரி. வெளிநாட்டுக்காரிகளுக்கு அணியில் இரண்டே இடம்; இரண்டையும் இரண்டு நெட்டை அமெரிக்கப் பெண்கள் ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள். நஜ்லாவுக்கு வயது இருபத்தொன்பது. அடிலெய்ட், பெர்த், டவுன்ஸ்வில் என்று எட்டு வருடம் பெஞ்சைத் தேய்த்தாள். இந்த சீசனில் தேய்க்கப் பெஞ்சுகூட இல்லை.

இந்த ஓட்டமே அப்பா சர்கீஸ் வைத்த வினை. மூன்று மகன்களுக்கும் பிறந்த மாதமே லெபனான் துணைத் தூதரகத்துக்குப் போய் ஊர்ப் பதிவில் பெயர் ஏற்றியவர், நான்காவது குழந்தைக்குப் போகவில்லை. கேட்டால், "கட்டிக்கிட்டா உன் பேரு புருஷன் ஊருக்குப் போயிடும். போற பேருக்கு எதுக்கு ரெண்டு பஸ் மாறணும்?" என்றார். ஒரு பெண்ணின் நாடு இரண்டு பஸ் தூரத்தில் இருந்திருக்கிறது. அந்த மனுஷன் ஏறவில்லை.

நல்லவேளை, ஜனவரி. சொந்த ஊரான கஃபர் ஷஹ்ரூரைப் பனி மூடியதும் முக்தார் தனூஸ் முத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிட்னிக்கு வந்துவிடுவார். ஊரே இங்கேதானே இருக்கிறது. இன்று நஜ்லாவின் சித்தி மகள் ரோமினாவுக்குக் கல்யாணம். தப்கே ஆட்ட வரிசைக்குத் தலைமை தாங்கி, ஜெபமாலையைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தார் முக்தார்.

"மாமா, ஒரு முத்திரை!"

"பாட்டு முடியட்டும் கண்ணு."

"எப்ப முடியும்?"

"மேளக்காரன் கை வலிச்சா."

மேளக்காரன் கை அவள் தொடை தண்டி. வலிக்கிற கையாகத் தெரியவில்லை. வேறு வழியின்றி வரிசையில் புகுந்து, அவர் கையைப் பிடித்து, கால் உதறிக்கொண்டே காதுக்குள் தாளைப் படித்தாள்.

"யாரு மக சொன்ன?"

"சர்கீஸ் மக."

"சர்கீஸுக்கு மூணும் பசங்கதானே?"

முக்தார் நின்றார். பின்னால் வந்த அறுபது பேரும் ஒருவர் மேல் ஒருவர் மோதி நின்றார்கள். கண்ணாடியை மாட்டித் தாளைப் பார்த்தார்.

"'இவரை நான் நேரில் அறிவேன்'னு போட்டிருக்கு. நான் உன்னைப் பாத்ததே இல்லையே. பன்னண்டு வருஷமா வர்றேன், ஒரு கல்யாணத்துல, ஒரு சாவுல நீ இருந்ததில்ல. பொய்க்கு முத்திரை வைக்க மாட்டேன்."

"என் மகதான் முக்தார்!" என்று அப்பா ஓடி வந்தார்.

"நீ பதிவே பண்ணலையே சர்கீஸு. உன் சாட்சிய வெச்சு என்ன பண்ண?"

முக்தார் சொன்னது உண்மை. கல்யாணமெல்லாம் சனிக்கிழமை, ஆட்டமும் சனிக்கிழமை. நஜ்லா எப்போதும் ஆட்டத்துக்குத்தான் போனாள். அவர் பாடகனிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"இந்தப் பொண்ணை யாருக்காவது தெரியுமா?"

ஐநூறு தலைகளும் நஜ்லா பக்கம் திரும்பின.

"எனக்குத் தெரியும்!" மேடையிலிருந்து கல்யாணப் பெண் ரோமினா எழுந்தாள். "காலைல சர்ச்சுல எனக்குத் தோழியா நிக்க வேண்டியவ. பயிற்சின்னு வரல, நாசமாப் போறவ!"

"எனக்குந்தான்!" என்றாள் வதாத் அத்தை. "என் அறுபதாம் பிறந்தநாளுக்கு வீடியோல வந்தா. பின்னாடி எவளோ பந்து தட்டுனா, நான் அழுதது அவளுக்குக் கேக்கவே இல்ல!"

"என் பையனுக்கு ஞானத்தாய் இவதான்! தலைல தண்ணி காயறதுக்குள்ள ஏர்போர்ட்டுக்கு ஓடிட்டா!"

"என் கேரேஜ் கதவுல மூணு பள்ளம்! இவ பந்துதான்!"

"பூசைல வாசப்பக்கம் உக்காந்து, எப்ப முடியும்னு எனக்கே கைல சைகை காட்டுவா" என்றார் பாதிரியார், வாய் நிறைய கிப்பே இறைச்சி உருண்டையுடன்.

மைக்குக்கு வரிசை கட்டினார்கள். திட்டத் திட்ட நஜ்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோற்ற அணிக்காக ஓடியபோதுகூட இவ்வளவு திட்டு வாங்கியதில்லை. இவ்வளவு சந்தோஷமாகவும் இருந்ததில்லை. அத்தையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். அத்தை கீழே இறங்கி மீண்டும் திட்டினாள்.

"போதும்!" என்று கத்தினார் முக்தார். "வெளியாள் மேல யாருக்கும் இவ்ளோ கோபம் வராது. நம்ம பொண்ணுதான்."

மூத்த அண்ணன் ரோய் வக்கீல். "சட்டப்படி ஊருக்கு வெளிய முத்திரை..." என்று ஆரம்பித்தான். அம்மா ஒரு திராட்சையிலைச் சுருளை எடுத்து அவன் வாயை அடைத்தாள்.

"ஊர்ல எம்பது பேரு, இங்க ஐநூறு பேரு" என்றாள். "எதுடா ஊரு?"

மேசையெல்லாம் தட்டுகள். மேளக்காரன் மேளத்தைப் படுக்க வைத்தான். அதன்மேல் தாளை விரித்து முக்தார் ஓங்கிக் குத்தினார். டும் என்றது. பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ நஜ்லா தலையில் அரிசியை வீசினார்கள். அது கல்யாணப் பெண்ணுக்கு வைத்திருந்த அரிசி.

ஆறு ஐம்பத்திரண்டுக்குத் தாளின் படம் பெய்ரூட்டுக்குப் போனது. ஆறு ஐம்பத்தாறுக்குப் பதில் வந்தது. நஜ்லா நாற்காலியில் ஏறி மைக்கில் படித்தாள்.

"வந்துடு. முதல் ஆட்டம் வர்ற சனிக்கிழமை."

மண்டபம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. அதையும் தாண்டி வதாத் அத்தையின் குரல் கேட்டது.

"சனிக்கிழமையா? சனிக்கிழமை என் பேத்திக்கு நிச்சயம்டி!"