இருபத்திரண்டு நாள் பெருக்கினேன்

1

2024 மே 17. மேற்குச் செர்பியாவில், எங்கள் ஊர்த் தொழிற்கல்விப் பள்ளியின் இறுதியாண்டு மாணவி நெவெனாவுக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது. தனியார் பட்டறையொன்றில் பெற்ற பயிற்சிக்கான குறிப்பேட்டில் அவள் உண்மையை எழுதியதே காரணம். கல்வித்துறைக்கு மூன்று கடிதங்கள் அனுப்பினேன். பதில் வராததால் கதை எழுதுகிறேன். இது பிறந்த வரலாறு இவ்வளவே.

2

முதல் தொடக்கம்: 'மழை தூறிய அக்காலையில், அவ்விளம்பெண்ணின் விழிகளில்...'

[அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில். அவள் விழிகளை நான் கவனிக்கவுமில்லை.]

இரண்டாம் தொடக்கம்: சான்றிதழ் மறுத்த அன்றே பள்ளியின் பட்டறை ஆசிரியர் ராடிஷா என்னை வரவழைத்தார். ஓய்வுபெற்ற மொழியாசிரியனான நான் சொன்னால் அவள் கேட்பாள் என்பது அவருடைய நம்பிக்கை. மேசைமேல் குறிப்பேடு விரிந்துகிடந்தது; எதிரே நெவெனா உட்கார்ந்திருந்தாள்.

"இருபத்திரண்டு நாள் பெருக்கினேன்னு எழுதியிருக்கே. இதப் பாத்துட்டு எவன்மா வேலை குடுப்பான்?" என்றார் ராடிஷா.

"பெருக்க ஆள் வேணும்கிறவன் குடுப்பான், சார்."

"வாய் மட்டும் நல்லா ஓடுது. மத்தவங்க எல்லாரும் லேத்துல நின்னதா எழுதிட்டாங்க. உனக்கு மட்டும் என்ன?"

"அங்க ஓடுறது ஒரே லேத்து. நாங்க இருபத்தாறு பேர். ஒருத்தர் தோள்மேல ஒருத்தர் ஏறியா நின்னோம்?"

ராடிஷா என்னைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க, சார். நாலு வரி மாத்தி எழுதினா முடிஞ்சுது."

நான் குறிப்பேட்டைப் படித்தேன். திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை.

3

முதல் வரைவில் ராடிஷாவை அயோக்கியராக எழுதியிருந்தேன். அது பொய். பயிற்சி தரும் பட்டறையின் முதலாளி மாணவர்களை இயந்திரத்தருகே விடுவதில்லை. பயிற்சி நாள்களைக் கணக்குக் காட்டாவிட்டாலோ மேலிடம் வகுப்பையே மூடிவிடும். இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மனிதர் அவர். அயோக்கியரைத் தேடி நான் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டியதில்லை.*

* ஆண்டுதோறும் கடைசி வாரத்தில் ஒரு மாதிரிக் குறிப்பேடு வகுப்பில் கைமாறும். அனைவரும் அதைப் பார்த்து எழுதுவர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு அதைச் செம்மைப்படுத்திக் கொடுத்தவன் நான். அதில் ஒரு காற்புள்ளிகூடத் தவறியிராது. ஒரு நாள்கூட நடந்ததாகவும் இராது.

[இதை அடிக்குறிப்பில் ஒளித்துவைத்திருக்கிறேன். அது முறையன்று. எனவே பெரிய எழுத்தில் மீண்டும்: அந்தப் பொய்க்கு இலக்கணம் பார்த்தவன் நான்.]

4

முடிவு, முதல் வகை: நெவெனா பார்த்து எழுதுகிறாள்; செப்டம்பரில் வேலைக்குப் போகிறாள். சென்ற ஆண்டு அப்படித்தான் அவள் அண்ணன் ஸ்டொயான் போனான். லேத்தில் வெட்டுளியைப் பொருத்தத் தெரியாததால் ஒரே வாரத்தில் பெட்டி ஒட்டும் பகுதிக்கு மாற்றப்பட்டான். இன்றும் பெட்டிதான் ஒட்டுகிறான்.

இரண்டாம் வகை: முதிய ஆசிரியர் எழுந்து முழங்குகிறார், தேர்வுக்குழு தலைகுனிந்து...

[அடித்துவிட்டேன். வீண் தற்பெருமை.]

மூன்றாவதை நான் புனையவில்லை. அன்று எழுந்து போகுமுன் அவளே சொன்னாள்:

"சான்றிதழ் இப்ப வேணாம், சார். ஆறு வாரம் அந்த லேத்த எங்கிட்ட விடுங்க. அதுக்கப்புறம் ஃபெயில் ஆக்கணும்னா ஆக்குங்க, வாங்கிக்கிறேன்."

5

அந்த ஆறு வாரத்தைக் கேட்கும் அவளுடைய விண்ணப்பம் ஜூன் பத்தாம் நாள் காலை ஒன்பது மணிக்குப் பள்ளியில் தேர்வுக்குழுவின்முன் வருகிறது. மாதிரிக் குறிப்பேட்டை யார் திருத்தினார் என்பதை நான் அங்கே கையொப்பமிட்டுச் சொல்வேன். நான் ஒருவன் மட்டும் சொன்னால் கிழவனின் உளறல் என்பார்கள்.

ஆகவே இக்கதைக்கு முடிவெழுத மறுக்கிறேன். வாசகரே, பத்தாம் நாள் வாருங்கள். பின்வரிசையில் நில்லுங்கள். அந்தப் பெண்ணுக்கு எப்போது இயந்திரத்தைத் தருவீர்கள் என்று உரக்கக் கேளுங்கள். நாளைக் குறித்துச் சொல்லும்வரை உட்காராதீர்கள்.