அண்ணன் சொன்ன கியர்

ஏழு வருடம் கழித்து அண்ணன் என் ஷெட் வாசலில் வந்து நின்றான். வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையில் கிரீஸ் இருந்தது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தேன்.

அவன் ரேஸ் ஓட்டுகிறவன். அவனுடைய பழைய வண்டிக்கெல்லாம் கியர்பாக்ஸ் கட்டியது தங்கச்சி நான். கோப்பை வாங்கிய அன்று, "கியர்பாக்ஸ் யார் செஞ்சது?" என்று யாரோ கேட்டதற்கு அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். ஏண்ணே இப்படி என்று கேட்டேன். "எனக்கே சொல்லித் தர்றியா? வந்தவங்களுக்கு டீ போடறதோட நிறுத்திக்க." அன்றே அவனை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது டர்போ வண்டி வாங்கியிருக்கிறான். மலைப்பாதை ரேஸ்.

"பிக்கப் செட் போடு. பழைய வண்டில போட்டமே, அதே பல்லு. எடுத்ததும் பிச்சுக்கிட்டுப் போகணும்."

பழைய வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும், இழுவையைக் கூட்டுகிற பிக்கப் செட் அதற்குச் சரி. டர்போ அப்படியில்லை, இருக்கிற பலத்தையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டும்.

"இதுல இழுக்கறதும் திரும்பறதும் முன் சக்கரம்தான். இழுவையைக் குறைச்சு ஸ்பீடு செட் போட்டாத்தான் டயர் தரையைப் பிடிக்கும். இல்லன்னா நின்ன இடத்துல சுத்தும்." ஒரு தடவை சொன்னேன். என் மனசாட்சிக்கு அது போதும்.

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று சிரித்தான். அதே வார்த்தை, அதே இளிப்பு.

பிறந்ததிலிருந்து அவனை நீ, வா, போ என்றே பேசிய வாய் இது. "சரிங்கண்ணே, நீங்க சொன்னபடியே போட்டுடறேன்" என்றேன்.

ஸ்பீடு செட் அலமாரியில்தான் இருந்தது. சத்தமில்லாமல் அதையே மாட்டியிருக்கலாம். ஜெயித்திருப்பான், மறுபடியும் நெஞ்சைத் தொட்டிருப்பான். மாட்டவில்லை. அவன் கேட்டதை, ஒரு மயிரிழை குறை சொல்ல முடியாதபடி கட்டிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக வேலை செய்ததில்லை.

ரேஸ் அன்று அண்ணி என் பக்கத்தில் உட்கார இடம் பண்ணுவதற்காக என் பையை நகர்த்தினார்.

"என்னம்மா இது, கல்லு மாதிரி கனக்குது?"

"சாப்பாடு, அண்ணி."

"எத்தனை பேருக்கு?"

நான் ரேஸ் பாதைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அண்ணிதான் பேசிக்கொண்டிருந்தார். முதலில் வந்தால் ஒரு பெரிய டீம் அவனை எடுத்துக்கொள்ளுமாம், அந்த டீமின் மேனேஜர் வந்திருக்கிறாராம். நாற்பத்தொரு வயதுக்கு மேல் இன்னொரு முறை யார் கூப்பிடப் போகிறார்கள் என்றார். எனக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

கொடி இறங்கியது. முன் டயர் இரண்டும் அலறின, புகை வந்தது, வண்டி மட்டும் நகரவில்லை. முதல் வளைவில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் திரும்ப மாட்டேன் என்று நேரே ஓரத்துக்குப் போனது. ஒரு நொடி எனக்குத் திக்கென்றது. தடுப்புக்கு முன்னால் பிடித்துவிட்டான். ஒன்பதாவது இடம். என் வயிறு குளிர்ந்தது, பொய் சொல்வானேன்.

ஆளுக்கு இரண்டு ஓட்டம், எது நல்லதோ அதுதான் கணக்கு. அடுத்தது நாலு மணிக்கு. கியர்பாக்ஸை இறக்கி, பல்லை மாற்றி ஏற்ற மூன்றரை மணி நேரமாவது ஆகும். அப்போது மணி பன்னிரண்டே கால்.

அண்ணன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தான். அவனுக்குப் பின்னால் மெக்கானிக்குகள், அவர்களுக்குப் பின்னால் கைகட்டி நிற்கிற அந்த மேனேஜர். அண்ணன் என் காதருகே குனிந்தான்.

"எந்தப் பல்லு போடணும்?"

ஏழு வருடமாக நான் காத்திருந்த கேள்வி. ஆனால் இப்படி ரகசியமாக இல்லை.

"கேக்கலைங்கண்ணே. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

அவன் முகம் சிவந்தது. திரும்பி மேனேஜரைப் பார்த்தான். அண்ணியின் பார்வை என் பையின் மேல் இறங்கி, அங்கேயே நின்றது. காலையில் அலமாரியிலிருந்து அந்த ஸ்பீடு செட்டை எதற்காக எடுத்துப் பையில் போட்டேனோ, எனக்கே தெரியாது.

மணி பன்னிரண்டு இருபது. நான் பையைக் காலுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.